அடுத்த பக்கத்தில் ஒன்றுமில்லை

"எங்க மாமாவை எதுக்கும்மா அடுத்த பக்கத்துல போட்ட?"

காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளைத்துரை அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி இது. நல்லாருக்கியா இல்லை, சாப்பிட்டியா இல்லை. வாயில் நுரையோடு நான் என்ன பதில் சொல்வது? கொப்பளித்துவிட்டு, "எந்த மாமாண்ணே?" என்றேன்.

"காளை மாமா. தோப்புக்காரரு. நேத்து வரைக்கும் மொதல்ல இருந்தாரு. இன்னைக்குப் பாத்தா கீழ அடுத்த பக்கம்னு போட்டு அதுக்குள்ள கெடக்காரு. மனுசனுக்குச் சோறு எறங்கல."

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

இது புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப்பேச்சு கொஞ்சம் தெரிய வேண்டும். வாடிப்பட்டியைத் தாண்டி, திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினால் செம்பூத்துப்பட்டி. பள்ளிக்கூடம், கோயில், ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் ஒரு பக்கம். அதற்குப் பெயர் ஊர். அதையொட்டிக் காளையின் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் நாங்கள் இருக்கிற தெருக்கள். அரசாங்கக் காகிதத்தில் எங்கள் தெருக்களுக்கு ஒரு தலைவரின் பெயர் உண்டு. ஊரில் ஒருத்தர் வாயிலும் அது வராது. "அடுத்த பக்கம்" என்பார்கள். "அடுத்த பக்கத்துல போயி களையெடுக்க ஆளு கூட்டியா." "அது யாரு பிள்ளை, அடுத்த பக்கத்துப் பிள்ளையா?" அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி இறங்கும். அந்த இறங்கின குரலைக் கேட்டே வளர்ந்தவள் நான், முத்துச்செல்வி. இப்போது தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து, வக்கீல்களுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு வந்தது. பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று கிளம்பியது. தலைவர் வெள்ளைத்துரை அண்ணன். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், எனக்கு நாலைந்து வகுப்பு மூத்தவர். சங்கத்துக்கு ஒரு சைட் வேண்டும், அந்தப் பள்ளியில் படித்த யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். செய்து கொடுக்க ஆள் தேடியபோதுதான் நானும் அங்கே படித்தவள் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. சும்மா வேலை செய்ய ஆள் வேண்டுமென்றால் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வரும்.

நான் செய்த சைட் ரொம்ப எளிமையானது. ஒவ்வொருவர் எழுதி அனுப்புவதும் ஒரு ஃபைல். மேலே தலைப்பு, பெயர், தேதி. கீழே விஷயம். புதிதாக ஒன்று வந்தால் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஒரு கமாண்ட் தட்டுவேன். அது எல்லா ஃபைலையும் படித்து, புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கி, பக்கமாக்கித் தந்துவிடும். அதற்கு யார் எந்தத் தெரு என்று தெரியாது, யார் பேரன் என்று தெரியாது, தேதி மட்டும்தான் தெரியும். எனக்கு அந்த மென்பொருள் மேல் தனிப் பிரியமே உண்டு.

ஆரம்பத்தில் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் இருந்தது. சனங்கள் எழுதித் தள்ளினார்கள். பிரம்படி வாங்கியது, சத்துணவு முட்டை, கபடிக் கோப்பை என்று வந்துகொண்டே இருந்தது. போட்டோக்கள் சேரச் சேர, போனில் திறந்தால் சைட் சுற்றிக்கொண்டே நின்றது. ஊரிலிருந்து முத்துத்தாய் அக்கா கூப்பிட்டு, "எம் போட்டோவைத் தேடித் தள்ளித் தள்ளி வெரலே தேஞ்சு போச்சுடி" என்று புலம்பினார். சரியென்று பத்துப் பத்தாகப் பிரித்தேன். செட்டிங்கில் ஓர் எண், அடியில் ஒரு பொத்தான். அவ்வளவுதான் வேலை. பழக்கத்தில் அந்தப் பொத்தானுக்கு 'நெக்ஸ்ட்' என்று வைப்பேன். ஆனால் தமிழ் வாத்தியார் அருள்பாண்டி ஐயா, "ஒரு எழுத்து இங்கிலீசு இருந்தாலும் நான் விழாவுக்கு வரமாட்டேம்மா" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் எல்லாத் தமிழ் சைட்டிலும் இருக்கிறபடி 'அடுத்த பக்கம்' என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

தல்லாகுளத்தில் இருந்து இருந்து என் காது ஊர்ப்பேச்சை மறந்துவிட்டது போல.

ஊர் அதை எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? சைட்டில் ஊருக்குத் தனி, அடுத்த பக்கத்துக்குத் தனி என்று பிரித்தாகிவிட்டது என்று! ஊர்க்காரர்கள் அந்தப் பொத்தான் மேல் விரலே வைக்கவில்லை. எங்கள் தெருவிலோ, சைட்டைத் திறந்ததும் எல்லோரும் நேராக அந்தப் பொத்தானைத்தான் அமுக்கினார்கள். என் சித்தி, "இதுலயுமா நம்மளைத் தனியா ஒதுக்கணும்? அதுவும் நம்ம செல்வி கையாலயே?" என்று அம்மாவிடம் மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அமுக்கி உள்ளே போய்ப் பார்த்தால், வெள்ளை வேட்டி சட்டையில் காளை நின்றுகொண்டிருக்கிறார். எங்கள் தெருவே அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்ததாம். அந்தச் சிரிப்புதான் காளையின் காதுவரை போயிருக்கிறது.

காளைக்குச் சிரிப்பு வரவில்லை. போன் பேசிய அன்று மதியமே மாமனும் மருமகனுமாக என் அறைக்கு வந்துவிட்டார்கள். குறுகலான படியில் மூச்சு வாங்க ஏறி வந்த காளை, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என் அப்பா அவரை "ஐயா" என்பார். நான் "சார்" என்பேன். அந்த சார் அவருக்குப் பிடிக்காதென்று எனக்குத் தெரியும். அதனாலேயே கொஞ்சம் தாராளமாகச் சொல்வேன்.

"இது நெட்டுல பக்கம் சார். புஸ்தகத்துல மொதப் பக்கம், அடுத்த பக்கம்னு இருக்கும்ல சார், அது மாதிரி. புதுசா எழுதுறவங்க முன்னாடி வருவாங்க. பழசு ஒண்ணொண்ணா பின்னாடி போகும். நீங்க எழுதுனதுக்கு அப்புறம் பத்துப் பேரு எழுதிட்டாங்க சார்."

"பத்துப் பேரு எழுதுனா நான் அங்க போயிரணுமா?"

"எல்லாரும் என்னைக்காச்சும் அடுத்த பக்கம் போயித்தானே சார் ஆகணும்."

நெட்டைப் பற்றித்தான் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வெள்ளைத்துரை அண்ணன் இருமிக்கொண்டு நடுவில் வந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையை மாற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'பழைய பதிவுகள்' என்றோ வெறும் அம்புக்குறியோ போட்டால் முடிந்தது. சித்தி அழுததை அம்மா சொன்ன பிறகு எனக்கே அந்தப் பொத்தானைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது வெள்ளைத்துரை அண்ணன் தன் யோசனையைச் சொன்னார்.

"அதெல்லாம் மாத்த வேணாம்மா. பேரு பொருத்தமாத்தான் இருக்கு. ஒண்ணு செய். ஊராளுக எழுதுனதை எல்லாம் மொதப் பக்கத்துல வையி. உங்காளுக எழுதுனதை அடுத்த பக்கத்துல வச்சிரு. அவுகவுக எடத்துல அவுகவுக. யாருக்கும் சங்கடம் இல்ல பாரு."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். கடைக்காரரிடம் சொத்தைக் கத்தரிக்காயைத் தனியாக எடுத்து வை என்கிற மாதிரி. எனக்கு இரண்டு காதும் சூடாகிவிட்டன.

"முடியாதுண்ணே."

"ஏன், மிசின்ல அப்படி வராதா?"

"வரும். நான் செய்யமாட்டேன். வரிசை தேதிப்படிதான். காளை சாருக்கும் தேதிதான், எங்க சித்திக்கும் தேதிதான். அந்த வார்த்தையை மாத்தலாம்னு இருந்தேன். இப்ப அதையும் மாத்தமாட்டேன்."

காளை எழுந்துவிட்டார். "திமிரப் பாத்தியா மாப்ள. படிக்க வச்சா இப்படித்தான்."

"நீங்களா சார் என்னைப் படிக்க வச்சீங்க?" என்றேன். இரண்டு பேரும் படியிறங்கினார்கள்.

வெறும் வார்த்தைச் சண்டையோடு போயிருந்தால் நான் இவ்வளவு தூரம் நீட்டமாட்டேன். அப்போது முதல் பக்கத்தின் உச்சியில், கடைசியாக வந்ததாக முனீஸ்வரியின் பதிவு இருந்தது. அதுதான் விஷயமே.

முனீஸ்வரியும் நானும் ஒரே பெஞ்ச். அவள் மகள் கனிஷ்கா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காளையின் தோப்போரமாக, வாய்க்காலை ஒட்டி ஒரு பாதை உண்டு. நாங்கள் எல்லோரும் அதில் நடந்துதான் படித்தோம். இந்தக் கோடை விடுமுறையில் காளை அதைக் கம்பிவேலி போட்டு வளைத்து, இரும்புக் கேட் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால் பட்டா இடமாம். அதிலிருந்து பிள்ளைகள் நாலுவழிச் சாலைக்கு ஏறி, லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, அந்தப் பக்கம் ஊர்ச்சாலையில் இறங்க வேண்டியிருந்தது. அப்படிப் போகும்போதுதான் ஒரு வேன் உரசி, கனிஷ்காவுக்குக் கை முறிந்தது. முனீஸ்வரி பதறிக்கொண்டு போய் காளையிடம் கேட்டிருக்கிறாள். "பிள்ளையை ஓரமாப் போகச் சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் இதை அப்படியே எழுதி, மாவுக்கட்டோடு பிள்ளை நிற்கிற போட்டோவையும் பூட்டின கேட்டின் போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். விழாவுக்கு ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அம்மா வருகிறார். பாதைப் பிரச்சினையைத் தீர்த்து வைக்கிற அதிகாரம் உள்ளவர். பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய திரை கட்டி, எங்கள் சைட்டை அவர் திறந்து வைப்பதாக ஏற்பாடு. "அந்தம்மா கண்ணுல பட்டாப் போதும் செல்வி. நான் மேடையேறியா கேக்கப் போறேன்? எனக்குக் காலு நடுங்கும். திரையில தெரிஞ்சாப் போதும்" என்று முனீஸ்வரி போனில் சொன்னாள். அந்தப் பிள்ளை இனிமேல் அந்த ரோட்டில் நடக்கக் கூடாது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் என் இன்பாக்ஸ் குபுகுபுவென்று நிரம்பியது. "விழா சிறக்க வாழ்த்துகள், மொக்கைச்சாமி." "நமது பள்ளி வாழ்க, வளர்க." "விழாக்குழுத் தலைவர் அண்ணன் வெள்ளைத்துரை அவர்களுக்கு நன்றி." ஒரே வாழ்த்தைப் பெயர் மட்டும் மாற்றி மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் பத்து. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பின்னாலேயே வெள்ளைத்துரை அண்ணனின் மெசேஜ்: "செல்வி, இத்தோட பதிவு வாங்குறது க்ளோஸ். சங்கத் தீர்மானம்." கீழே ஒரு கும்பிடு போடும் பொம்மை.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் எழுதினால் பழையது பின்னால் போகும் என்று என் அறையில் வைத்துப் பாடம் நடத்தியதே நான்தானே. மனுசன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அந்தப் பள்ளியில் படித்த யாரும் எழுதலாம் என்பது விதி. பத்துப் பேரும் படித்தவர்கள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கமாண்டைத் தட்டினேன். முனீஸ்வரியின் பதிவு முதல் பக்கத்திலிருந்து கழன்று, அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கவலைப்படாத. உன் ஃபைல்ல நான் ஒரே ஒரு வரி சேத்தாப் போதும். தேதி என்னவா இருந்தாலும் அது மேலயே நிக்கும். ஆணி அடிச்ச மாதிரி" என்றேன்.

"வேணாம்."

"ஏண்டி?"

"வரிசை தேதிப்படிதான்னு அவுக மூஞ்சிக்கு நேரா சொன்னேல்ல? தெருவுல எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டோம். இப்ப நமக்குன்னு வரவும் நீயே மாத்துனா? ஆளைப் பாத்து வைக்கலாம்னு ஆயிரும்ல. அதைத்தான அவுகளும் கேட்டாக?"

எனக்குச் சுரீரென்றது. "அப்பப் பிள்ளை? அந்தம்மா பாக்காமப் போயிட்டா?"

"அடுத்த பக்கத்துல வேணும்னு வைக்கிறாகல்ல. அங்கயே இருக்கட்டும். அந்தம்மாவை அங்க வர வைப்போம்."

"எப்படி?"

"தெரியல" என்றாள் முனீஸ்வரி. "ஆனா வைப்போம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

விழா நாளில் பள்ளி மைதானம் முழுக்கப் பந்தல். முன்னால் குஷன் நாற்காலிகளில் ஊர். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள். யாரும் எங்கே உட்காரச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. நான் மட்டும் மேடையில் ஓரமாக ஒரு மேஜையில், லேப்டாப்போடு. கடைசி வரிசையில் முனீஸ்வரி, பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு கனிஷ்கா.

ஆர்.டி.ஓ. அம்மா வேலூர்ப் பக்கத்துக்காரர். வயது குறைவு, பேச்சு வேகம். பொன்னாடை, பூங்கொத்து எல்லாம் முடிந்ததும் மைக்கைக் கையில் வாங்கி, "சைட்டைக் காட்டுங்க" என்றார். நான் திறந்தேன். திரையில் பத்து வாழ்த்துகளும் வரிசையாக வந்து நின்றன. வெள்ளைத்துரை அண்ணன் பக்கத்தில் நின்று பெருமையாக ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அந்தம்மா இரண்டைப் படித்தார். மூன்றாவதைப் பாதியில் விட்டார்.

"எல்லாம் வாழ்த்தாவே இருக்கே. ஸ்கூல் நாளைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்க?"

"எல்லாம் இதுதாம்மா" என்றார் வெள்ளைத்துரை அண்ணன்.

நான் மவுஸை மெல்ல உருட்டிப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. பக்கம் அங்கேதான் முடிகிறது, முடிகிற இடத்தைக் காட்டுவது என் வேலை. திரையில் அந்தப் பொத்தான் பெரிதாகத் தெரிந்தது.

"அடுத்த பக்கம்னு இருக்கே" என்றார் அந்தம்மா மைக்கில். "அடுத்த பக்கம் போகலாமே?"

பந்தலில் எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. அந்த வார்த்தையைக் குரல் இறக்காமல், மைக்கில், மேடையிலிருந்து ஒருத்தர் சொல்லி எங்கள் ஊர் கேட்டதே இல்லை. அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை அண்ணன் பதறிப்போய் மைக்குக்கு நேராகவே குனிந்தார்.

"அடுத்த பக்கத்துல ஒண்ணும் இல்லம்மா."

நாலு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. ஒண்ணும் இல்லம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது.

"ஒண்ணும் இல்லையா? இம்புட்டுப் பேரு இருக்கோம், ஒண்ணும் இல்லையா?"

முனீஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். மேடையேறினால் கால் நடுங்கும் என்றவள். நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அடுத்த பக்கம் நாங்கதான்மா! ஏமாத்துறாக, நம்பாதீக. அடுத்த பக்கத்துக்கு வாங்க. வந்து பாருங்கம்மா!"

அவளைச் சுற்றி ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் அம்மா எழுந்தாள். மூக்கைச் சிந்தின சித்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். ஆர்.டி.ஓ. அம்மா திகைத்துப்போய்க் கூட்டத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செல்வி, அதை மூடு" என்றார் வெள்ளைத்துரை அண்ணன், பல்லுக்குள்ளேயே.

"அம்மா போகச் சொல்லிட்டாங்கண்ணே" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொத்தான் அமுக்கியிருக்கிறேன். இவ்வளவு ஆசையாக அமுக்கியது அன்றைக்குத்தான்.

திரை முழுக்கக் கனிஷ்கா நின்றாள், மாவுக்கட்டோடு. கீழே பூட்டின கேட். அந்தம்மா மைக்கை இறக்காமலேயே படிக்க ஆரம்பித்தார். "நானும் இந்தப் பள்ளியில்தான் படித்தேன். எனக்கு நடக்கப் பாதை இருந்தது. என் மகளுக்கு இல்லை. ஏன் இல்லை என்று பிள்ளை கேட்கிறது. யாராவது தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்." அதற்கு மேல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மனதுக்குள் படித்தார். படித்து முடித்ததும் தலையைத் திருப்பி, "எங்க இருக்கு இது? காட்டுங்க" என்றார்.

வெள்ளைத்துரை அண்ணன், "கார்லயே போயிரலாம்மா. நாலுவழிச் சாலைல ஏறிச் சுத்திப் போனா அஞ்சு நிமிசம்" என்றார்.

"பிள்ளைங்க கார்லயா போறாங்க?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா மேடையை விட்டு இறங்கி நடந்தார். பின்னால் முனீஸ்வரி, கனிஷ்கா, எங்கள் தெரு. அதற்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று பார்க்காமல் இருக்க முடியாத ஊர்.

கேட்டில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. அதற்குள் காளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "பட்டா எடம்மா இது. பத்திரம் இருக்கு. யாருக்கும் பயந்து ஒளிச்சு வைக்கல."

"சரி சார். சர்வேயரை அனுப்பறேன், அளக்கட்டும். உங்க இடம்னா உங்களுக்கு. பாதைன்னா அவங்களுக்கு."

நியாயமான பேச்சுதான். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள், சிலர் திரும்பக்கூட ஆரம்பித்தார்கள். அளக்க ஆள் வரும், இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எங்கள் ஊரில் எத்தனை விஷயம் அப்படியே கிடக்கிறதென்று எனக்குத் தெரியும். முனீஸ்வரி மட்டும் நகரவில்லை. கனிஷ்காவைத் தன் முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"அளக்குற வரைக்கும் இவ எந்தப் பக்கமாம்மா போகணும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அந்தம்மா பிள்ளையைப் பார்த்தார். நாலுவழிச் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது இங்கே வரை கேட்டது. அவள் மாவுக்கட்டின் மேல் வகுப்புப் பிள்ளைகள் பேனாவால் பூ வரைந்திருந்தார்கள்.

"பூட்டைத் திறங்க" என்றார் காளையிடம். "அளந்து முடிவாகிற வரைக்கும் இது திறந்தே இருக்கணும். இப்பவே எழுத்துல தரேன்."

"சாவி வீட்டுல இருக்கும்மா."

"எடுத்துட்டு வாங்க. நிக்கிறேன்."

நின்றார். குடை பிடிக்க வந்த உதவியாளரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெயிலிலேயே நின்றார். காளை வெள்ளைத்துரை அண்ணனைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் காளை நடந்தார். திரும்பி வந்து, அத்தனை பேர் பார்க்கத் தானே குனிந்து பூட்டைத் திறந்தார். நான் பாவமென்று நினைக்கவில்லை. நினைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

கேட்டைத் தள்ளியதும் அந்தம்மா உள்ளே கால் வைத்தார். சங்கத்து ஆட்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றார்கள். "என்ன, வாங்க. அடுத்த பக்கம்தானே, பாத்துட்டு வந்துடுவோம்" என்று அவர் திரும்பிக் கூப்பிட்டார். இப்போது அவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. வெள்ளைத்துரை அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து அவர் கால் எங்கள் தெருவில் பட்டதில்லை.

தெருமுனையில் முனீஸ்வரியின் வீடு. அவள் உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆர்.டி.ஓ. அம்மா வாங்கி அண்ணாந்து குடித்தார். அடுத்து அவள் செம்பை வெள்ளைத்துரை அண்ணனிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. ஒண்ணும் இல்லாத எடத்துத் தண்ணி."

அவர் குடித்தாரா என்று ஊரில் இன்னமும் என்னைக் கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை. கனிஷ்கா கட்டுப்போட்ட கையோடு, திறந்த கேட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் சும்மாவே போவதும் வருவதும் திரும்பப் போவதுமாக இருந்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.